முகம் பார்த்து முகர்ந்தவர்

இதை எழுதுபவன் மூக்கரை முதன்முதலில் பார்த்தது உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கின் இறக்குமுற்றத்தில். நுண்ணுயிரியல் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அது மடங்காமல் இருக்க அட்டை வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நின்றான். மூக்கர் அந்த உறையைக் கையில் வாங்கினார். படிப்பார் என்று பார்த்தால் படிக்கவில்லை. மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு லாரி தள்ளி நின்றவனுக்கும் கேட்கிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தார்.

"புதுசு," என்றார். "இன்னும் காயலை. உள்ள கொண்டுபோய் ஓரமா வை, தம்பி."

சுமைதூக்கிகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து வந்தவனுக்கு லேப் தம்பி என்று பெயர். மூக்கருக்கு மூக்கர் என்று பெயர் வந்த கதை அதைவிடப் பழையது. அந்த மூக்கில் எந்த வாசனையும் ஏறாது என்பதோ, அன்றைக்கு உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர். இன்னொன்று அவர் மனைவி. பின்னாளில் இந்தக் கதையின் பாதியை வாய் வலிக்கச் சொன்னதும் அந்த அம்மாதான்.

மூக்கர் கிடங்குக்குச் சுமைதூக்கியாக வந்தவர். ஒருநாள் இறக்கிக்கொண்டிருந்த லாரியின் நடுவில் நின்று, "இதுக்குள்ள ஏதோ அழுகிக் கெடக்கு" என்றார். பிரித்துப் பார்த்தால் கிடந்தது. கிழங்கு லாரிக்குள் ஓர் அழுகல் கிடப்பது பேருந்துக்குள் ஒருவர் தூங்கி வழிவது மாதிரி. எப்போது சொன்னாலும் பலிக்கும். ஆனால் முதலாளி அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. தராசை நம்பமாட்டார், வெப்பமானியை நம்பமாட்டார், ஆளை நம்புவார். அதிலும் தன்னைக் கண்டதும் முதுகு வளைகிற ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். சுமைதூக்கி தரக் கண்காணிப்பாளர் ஆனார். சுழல் நாற்காலி வந்தது. வளாகத்துக்குள்ளேயே, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், இரண்டு அறை வீடு ஒன்றும் வந்தது.

பிறகு பந்தாவும் வந்தது. வாங்க வருகிறவர்களை முதலாளி நேராக மூக்கரிடம்தான் கூட்டிக்கொண்டு போவார். மூக்கர் தடித்த கம்பளிக் கையுறையை மாட்டிக்கொள்வார். கிழங்குப் பெட்டியான கிரேட்டின் மேல் குனிந்து, கண்ணை முக்கால்வாசி மூடி, அந்தப் பிரசித்தி பெற்ற இழுப்பை இழுப்பார். சிறிது நேரம் வானத்தைப் பார்ப்பார். பிறகு, "மண் வாசனை. சுத்தமான மண் வாசனை" என்பார். ஒரு கிழங்கை எடுத்து உத்தரம் வரைக்கும் தூக்கிப் போட்டு ஒற்றைக் கையில் பிடிப்பார். இந்தத் தூக்கிப் போடுதலுக்கும் கிழங்கின் தரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற புத்தி இருப்பவர்கள் அங்கே கிழங்கு வாங்க வரவில்லை போலும்.

அப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த காலத்தில் அவருக்குக் காய்ச்சல் ஒன்று வந்தது. காய்ச்சல் போனது. போகிறபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது அவர் இல்லை.

"ஏங்க, அடுப்புக்கு நேரா உக்காந்துக்கிட்டு பேப்பர் படிக்கிறீங்க. பால் கருகி வீடே நாறுது. மூக்கை எங்க வச்சுட்டு வந்தீங்க?" என்றார் மனைவி.

"சளி."

"சளி போயி எத்தனை மாசம் ஆச்சு."

அவர் பேப்பரைப் புரட்டினார். மனைவி விடுகிற ஜாதி இல்லை. தலைவலித் தைலப் புட்டியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"என்ன வாசனை, சொல்லுங்க பாப்போம்."

மூக்கர் புட்டியைப் பார்த்தார். "பச்சை."

"பச்சைன்னு ஒரு வாசனையா? புட்டிதாங்க பச்சை."

அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு டாக்டரிடம் போகச் சொன்னார். அதற்குப் பிறகு, முதலாளியிடம் உண்மையைச் சொல்லி வேறு வேலை கேட்கச் சொன்னார்.

"மூக்கு போன மூக்கருக்கு எவன் வீடு குடுப்பான்?" என்றார் மூக்கர். "இது வெளிய தெரிஞ்ச அன்னைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் தம்பி வீட்டு மாடிக்குத்தான் போகணும். போறியா?"

தம்பி மனைவியின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். ஆக, வீடு, நாற்காலி, பெயர் மூன்றும் செத்துப்போன ஒரு மூக்கின் நுனியில் நின்றுகொண்டிருந்தன.

சோம்பேறிக்கும் கட்டாயம் வந்தால் மூளை வேலை செய்யும். மூக்கருக்கும் செய்தது. கிழங்கு தரம் பிரிக்கிற மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நாற்றம் வந்தால் கழுத்துத் துணியை இழுத்து மூக்கை மூடுவார்கள். மூக்கர் குனிந்து இழுக்கிறபோது, மூடாத கால்வாசிக் கண்ணால் அந்த வரிசையைப் பார்க்க ஆரம்பித்தார். கணக்கு சீக்கிரமே கைவந்துவிட்டது. ஒருத்தி மூடினால் அவளுக்குச் சளி. இரண்டு பேர் மூடினால் ஏதோ ரகசியப் பேச்சு. நாலைந்து பேர் மூடினால் அழுகல். அந்த நாலைந்து சேரும் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்கள், மனிதர் என்ன ஆழமாக மோப்பம் பிடிக்கிறார் என்று வியந்தார்கள்.

இந்த அழகில்தான் லேப் தம்பி வந்து சேர்ந்தான். பெரிய கம்பெனி ஒன்று ஆய்வகம் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டதால், பழைய சாமான் அறையைத் துடைத்து, மேசை போட்டு, ஆய்வகம் என்று பலகை மாட்டியிருந்தார் முதலாளி. பலகைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைத் தண்ணீர்க் குழாய்க்குக் கொடுத்திருக்கலாம்.

முதலாளிக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. கிழங்கு பளபளவென்று இருக்கவேண்டும். விதைக்குப் போகிற கிழங்கைக்கூடக் கழுவித்தான் உள்ளே அடுக்குவார். மண்ணோடு உலர்ந்து இருக்கவேண்டியதை நீளத் தொட்டியில் புரட்டி, ஈரம் காய்வதற்குள் குளிர் அறையில் அடைத்துவிடுவார். சுற்றிச் சுற்றி அதே தண்ணீர். ஒரு கிழங்கின் நோவு எல்லாக் கிழங்குக்கும் பங்கிட்டுப் போக இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது.

வந்த சில நாளிலேயே லேப் தம்பி தொட்டியின் உள்சுவரை விரலால் வழித்து, மூக்கரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இதைத் தொட்டுப் பாருங்க."

"தண்ணி ஓடற இடம் வழவழன்னுதான் இருக்கும். இதுக்கெல்லாமா பட்டம் குடுக்கறாங்க?"

"இது தண்ணியோட வழவழப்பு இல்லண்ணே. கிருமிங்க கூட்டமா சேந்து கட்டிக்கிட்ட வீடு. கிழங்கை அழுக வைக்கிற அதே கிருமி."

"அதான் குளோரின் ஊத்தறோம்ல?"

"தனியா மிதக்கறது குளோரின்ல செத்துடும். பசைக்குள்ள கூட்டமா உக்காந்திருக்கறது சாகாது. மேல இருக்கறது அடி வாங்கிக்கும், உள்ள இருக்கறது பொழச்சுக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் தண்ணியில இறங்கும். தேய்ச்சு எடுக்காம எவ்வளவு ஊத்தினாலும் அதுங்களுக்கு அது தூறல் மாதிரிதான்."

சுமைதூக்கிகள் இருவர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மூக்கருக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது. "அப்புறம்? இன்னும் என்ன பண்ணுமாம் உன் கிருமி?"

லேப் தம்பிக்கும் பேசத் தெரிந்த விஷயம் வாய்த்துவிட்டது. "அதுங்க ஆள் எண்ணும்ண்ணே. ஒவ்வொண்ணும் துளித்துளியா ஒரு பொருளை வெளிய விடும். நாலு பேரா இருந்தா அது கரைஞ்சு காணாமப் போயிடும். கூட்டம் பெருத்தா அந்தப் பொருளும் சுத்தி அடர்த்தியாயிடும். அதை வச்சு, நாம நிறைய பேர் சேந்துட்டோம்னு ஒவ்வொண்ணுக்கும் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் கிழங்கு மேல கை வைக்காது. முன்னாடியே வச்சா கிழங்கு உஷாராகி எதிர்த்து நிக்கும். ஆள் சேந்ததும் எல்லாமா ஒரே நேரத்துல, கிழங்கோட சதையை ஒட்டவச்சிருக்கற பசையைக் கரைக்க ஆரம்பிக்கும். அதுக்கு மேல அது கிழங்கு இல்ல, கூழ்."

"நாத்தம் வரும்ல? நாத்தம் வந்தா நான் பாத்துக்கறேன்."

"நாத்தம் கடைசியிலதான்ண்ணே வரும். அதுங்க முடிவெடுத்து, வேலையையும் முடிச்ச பிறகுதான் மூக்குக்குச் சேதி வரும்."

சொல்லக்கூடாத இடத்தில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டான். மூக்கர் சுமைதூக்கிகளின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாப்பா? கிருமி கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்துதாம். தம்பி, தலைவர் யாரு, செயலாளர் யாருன்னு கேட்டு வையி. சந்தா கட்டிடறேன்."

சிரிப்பு தொட்டியின் மறுமுனை வரை கேட்டது. ஆனால் அதில் ஒன்று மூக்கருக்குப் பழக்கப்பட்டதாகப் பட்டது. ஆள் சேருகிறவரை காத்திரு, சேர்ந்ததும் வாயைத் திற. இது நம் கணக்கல்லவா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகவே சொன்னார்.

"நான் பண்றதைத்தான் அந்தக் கிருமியும் பண்ணுதாம்."

"அது தன் கூட்டத்தைக் கேட்டுத் தன் வேலையைப் பாக்குது," என்றார் மனைவி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே. "நீங்க ஊரான் மூக்கை வச்சு ஊரையே மெரட்டறீங்க. கிருமி உங்களை எந்தக் கணக்குல சேக்கும்னு யோசிங்க."

மூக்கர் யோசிக்கவில்லை. யோசனை அவருக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது.

மூன்றாம் அறை நிறைய விதைக்கிழங்கு ஏறியது. எல்லாம் கழுவியது, எல்லாம் ஈரம். குளிரில் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. இடையில் குளிரூட்டும் இயந்திரம் ஒரு தடவை மக்கர் பண்ணி, அறை சுமாராகச் சூடேறி மறுபடி குளிர்ந்தது. முதலாளி வெப்பமானியைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதை நம்பமாட்டார். அதற்குப் பிறகு தரம் பார்க்க மேசைக்கு வந்த முதல் கிரேட்டிலேயே, ஓரத்தில் நின்ற இடதுகைக்காரி வேலையை நிறுத்தினாள். மேசையிலேயே இடது கையால் பிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்தப் பெயர்.

"அண்ணே, இந்த லாட் சரியில்ல. கொடி ஒட்டியிருந்த பக்கம் அமுக்கினா உள்ள போகுது. லேசா வாடையும் வருது."

மூக்கர் குனிந்தார், இழுத்தார், கால்வாசிக் கண்ணை ஓட்டினார். மற்றவர்கள் மேசையின் மறுகோடியில் இருந்தார்கள். அங்கே வாடை போய்ச் சேரவில்லை. மூடியவள் ஒருத்திதான். ஒருத்தி என்றால் சளி.

"மண் வாசனை. சுத்தமான மண் வாசனை."

"இன்னொரு தடவை பாருங்கண்ணே."

"ஏம்மா, மூக்கு எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் இருக்கு."

மேசையின் மறுகோடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கிழங்கு அழுகியதைவிட மூக்கருக்கு அதுதான் பெரிய கேடாகப்பட்டது. நேராக முதலாளியின் அறைக்குப் போனார். "அந்தப் பொண்ணு சரக்கைக் கெடுத்துப் பேசுதுங்க. வாங்கறவங்க காதுல விழுந்தா நம்ம பேர் என்ன ஆகறது?" என்றார். பேர் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கு வேறொன்றும் கேட்காது. இடதுகைக்காரியை அன்றோடு நிற்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கிரேட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப்போன லேப் தம்பி, இரண்டு நாள் கழித்து முதலாளியின் மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தான். உள்ளே கிருமி படை படையாக வளர்ந்திருந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"மூணாம் ரூம் கிழங்குலேர்ந்து வளத்தேன், சார்."

"கிருமி வளக்கவா உன்னை வேலைக்கு வச்சேன்? நீயே வளத்துட்டு நீயே வந்து கோள் சொல்ற." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "மூக்கர் மண் வாசனைன்னுட்டாரு. போய் வேலையைப் பாரு."

படித்தவன் சொன்னதும் போனது, தொட்டுப் பார்த்தவள் சொன்னதும் போனது. மேசையில் நின்ற மற்றப் பெண்களோ, அவளை அனுப்பிய அன்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இருக்கிற கூட்டுப் புத்தி இரண்டு வரிசை மனுஷிகளுக்கு இல்லையே என்று லேப் தம்பி அன்று ஏளனமாக நினைத்தான். அவசரப்பட்டுவிட்டான்.

ரப்பர் பூட்சையும் முன்துணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறபோது இடதுகைக்காரி கை கழுவுகிற இடத்தில் மேசைப் பெண்களிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அக்கா, அந்தாளுக்கு வாசனையே வராது. அன்னைக்கு நான் பினாயில் வாளியை மறந்துபோய் கிரேட்டுக்கு அடியில வச்சுட்டேன். அதுக்கு மேல குனிஞ்சு ஒரு இழு இழுத்துட்டு மண் வாசனைன்னாரு. அவரு கிழங்கை மோக்கலை. நம்ம மூஞ்சியைப் பாக்கறாரு."

"போடி, சும்மா சொல்லாத."

"நீங்களே கவனிச்சுப் பாருங்க."

கவனித்தார்கள். ஒருத்தி நல்ல கிழங்குக்கு மூக்கை மூடிப் பார்த்தாள். மூக்கர் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு நாள் நாலைந்து பேர் மூடிப் பார்த்தார்கள். அருமையான கிழங்கை அழுகல் என்று ஒதுக்கினார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் அறைச் சரக்கை மொத்தமாக எடுக்க விதைக்கிழங்கு வியாபாரி வந்தார். வருவதற்கு முன்பே முதலாளி மூக்கரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த லாட் உன் வாயிலதான் இருக்கு. நல்லபடியா போச்சுன்னா அந்த வீடு கடைசி வரைக்கும் உனக்குத்தான். போகலைன்னா வீடும் இல்ல, நீயும் இல்ல."

மேசைக்கு வருகிற வழியில் லேப் தம்பி அவரை மறித்தான். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் கையுறையைக் கழட்டிட்டு அமுக்கிப் பாத்துச் சொல்லுங்க."

"நான் என்ன மாவு பிசையற ஆளா?" என்று அவனைத் தள்ளிக்கொண்டு போனார் மூக்கர்.

கிரேட் மேசைக்கு வந்தது. நாற்றம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சும்மா நாற்றம் இல்லை. குடலைப் பிடித்து வெளியே இழுக்கிற நாற்றம். லேப் தம்பி எப்போதும் போல முகக்கவசத்தில் இருந்தான். குளிருக்குப் பயந்த வியாபாரி கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் கம்பளித் துணியால் சுற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். முதலாளி மூக்கரின் முதுகுக்குப் பின்னால் நின்று கர்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மூக்கரின் கண்ணுக்குத் தெரிந்த முகங்கள் மேசைப் பெண்களின் முகங்கள் மட்டும்தான்.

குனிந்தார். இழுத்தார். கால்வாசிக் கண்ணை வரிசை முழுக்க ஓட்டினார். கழுவி வைத்த தட்டு மாதிரி அத்தனை முகமும் இருந்தன. ஒரு துணி உயரவில்லை. ஒரு மூக்கு சுருங்கவில்லை. கடைசியில் நின்றவள் பூந்தோட்டத்தில் நிற்கிற மாதிரி மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, லேசாகச் சிரிக்கவும் செய்தாள். என்ன பாடுபட்டு இழுத்தாளோ.

வானத்தைப் பார்க்கவேண்டிய அவசியம்கூட மூக்கருக்கு இருக்கவில்லை.

"மண் வாசனை," என்றார் கணீரென்று. "சுத்தமான மண் வாசனை."

கம்பளிக் கையுறை ஒரு கிழங்கை எடுத்தது. தோல் முழுசாகத்தான் இருந்தது. உத்தரத்தைப் பார்த்துத் தூக்கிப் போட்டார். அது சுற்றிக்கொண்டே மேலே போனது, சுற்றிக்கொண்டே கீழே வந்தது, அவர் உள்ளங்கையில் விழுந்து உடைந்தது. வெளுத்த கூழ் கையுறையிலும் சட்டையிலும் மீசையிலும் தெறித்தது.

அப்போது யாரும் யாருக்கும் கண்ணைக்கூடக் காட்டவில்லை. இரண்டு வரிசையிலும் இருந்த எல்லாக் கழுத்துத் துணியும் ஒரே நேரத்தில் மேலே ஏறி எல்லா மூக்கையும் மூடின. வாசலில் நின்ற வியாபாரி கம்பளித் துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடி வாந்தியெடுத்தார்.

முதலாளிக்கு அப்போதும் பழைய நம்பிக்கை விடவில்லை. கர்சீப்புக்குள்ளிருந்து கேட்டார்: "மூக்கரே, இது என்ன வாசனை?"

கூழ் வழிகிற மீசையோடு மூக்கர் வழக்கப்படி மேசையைப் பார்த்தார். மூடியிருந்த மூக்குகளைப் பார்த்தார். நாலைந்துக்கு மேலேயே இருந்தன.

"அழுகல்," என்றார்.

முதலில் சிரித்தது சுமைதூக்கிகள். அதற்குப் பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம்.

மூன்றாம் அறையை மண்வாரியால்தான் காலி செய்யவேண்டியிருந்தது. தொட்டியின் பசையைச் சுரண்டி எடுத்தார்கள். விதைக்கிழங்கைக் கழுவுவதும் நின்றது, வியாபாரி எழுத்தில் கேட்டதால். மேசைப் பெண்கள் மொத்தமாகப் போய் முதலாளியின் அறை வாசலில் நின்றதில், இடதுகைக்காரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முதலாளி மட்டும் மாறவில்லை. கிழங்கைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தே உள்விஷயம் சொல்கிற ஆள் ஒருவர் எங்கோ இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

முதுகு இன்னும் நன்றாக வளைந்ததால் வேலை மட்டும் தப்பிய மூக்கர் இப்போது அதே கிடங்கின் வாசலில், லாரி வந்தால் தடுப்புக் கம்பியைத் தூக்குகிறார், போனால் இறக்குகிறார். மனைவியோடு மைத்துனர் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். வாசனை திரும்பவில்லை.